கருவாடு மீனாகுமா?



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "மீன்வளத் துறைக் கூட்டமா சார்?" இல்லை. பேச வந்தது பூச்சியைப் பற்றி, அதுவும் இரண்டே இரண்டு பூச்சி. தலைப்பு மட்டும் என் அம்மாவுடையது. அவர் நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோரக்காரர். வீட்டில் யாராவது பழைய சண்டையைக் கிளறினால், "கருவாடு மீனாகாது, போய் வேலையைப் பாரு" என்பார். அதற்குமேல் பேச்சு இல்லை. சிறுவனாக இருந்த நான் அதை ஒரு விலங்கியல் விதியாகவே எடுத்துக்கொண்டேன். உயிருள்ளது உலர்ந்து போகலாம், உலர்ந்துபோனது உயிர் பெறாது. பிறகு கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியபோதும் அந்த விதியைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், அம்மாவின் பழமொழிக்கு அடங்காத ஒரு புழு இருக்கிறது என்று படித்தேன். படித்த அன்று அம்மா உயிரோடு இல்லை. இருந்திருந்தால், "புழு தானே? மீன் இல்லையே" என்று சொல்லி முடித்திருப்பார்.

அந்தப் புழுவின் குடும்பத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஏரிக்கரையிலோ கழிவுநீர்க் கால்வாய் ஓரத்திலோ மாலையில் நடந்தால், தலைக்குமேல் தூண்போல் எழும்பி ஆடும் பூச்சிக் கூட்டம் ஒன்று இருக்கும். கொசு என்று நினைத்துக் கையை வீசுவோம். ஆனால் கடிக்காது. கடிப்பதற்கான வாயுறுப்பே அதற்குக் கிடையாது. அறிவியல் பெயர் கைரோனோமிட். அதன் புழு தண்ணீருக்கடியில் சேற்றில் வாழ்கிறது. பல இனங்களில் அந்தப் புழு செக்கச்செவேலென்று இருக்கும், ஏனென்றால் நம்மைப்போல அதன் உடலிலும் ஹீமோகுளோபின் உண்டு. சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைக்குப் போயிருப்பவர்கள், தட்டில் நெளியும் சிவப்புப் புழுக்களைப் பார்த்திருப்பீர்கள். 'பிளட் வார்ம்' என்று கேட்டால் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவார்கள். மீனுக்குத் தீனி.

இந்தச் சாதாரணக் குடும்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அதில் இரண்டு இனங்களை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் வறண்ட பகுதிகளில் வெயிலில் வேகும் பாறைக் குழிகளில் வாழ்வது. பெயர் பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கி. மற்றொன்று தென்துருவக் கண்டத்தில், பெங்குவின்கள் கூடுகட்டும் கரைகளில் வாழ்வது. பெயர் பெல்ஜிகா அண்டார்டிகா. நீளமான பெயர்கள். இனி ஒன்றைப் பாறைப் பூச்சி என்றும் மற்றதைப் பனிப் பூச்சி என்றும் சொல்கிறேன். தூய தமிழ்ப் பெயர் சூட்டும் உரிமையை நான் எடுத்துக்கொள்ளவில்லை, இந்த ஒரு மணி நேர வசதிக்காக மட்டும்.

பேச்சைத் தொடங்குமுன் மாணவர்களிடம் ஒரு பந்தயம். இந்த இரண்டு பூச்சிகளின் புழுக்களில் ஒன்று மைனஸ் 270 டிகிரி குளிரைத் தாங்கும். மற்றது மைனஸ் 20-க்குக் கீழே போனால் செத்துவிடும். எது எது? பின்வரிசையில் கை தூக்கியவர்கள் எல்லோரும் பனிப் பூச்சிதான் மைனஸ் 270-ஐத் தாங்கும் என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாம் எல்லோரும் தோற்றோம். பனியையே பார்த்திராத ஆப்பிரிக்கப் புழுதான் திரவ ஹீலியத்தில் மூழ்கி எழுந்தது. தென்துருவத்துப் புழு, நம்மூர் வீட்டு ஃபிரீசரைவிடச் சற்றே கூடுதலான குளிரிலேயே உயிரைவிட்டுவிடும். இந்தத் தலைகீழ்க் கணக்கு எப்படி வந்தது என்பதுதான் என் பேச்சு முழுவதும்.

முதலில் பாறைப் பூச்சி.

கருங்கல் பாறையின் மேல் ஒரு சிறு பள்ளம். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், அடியில் கொஞ்சம் வண்டல் இருக்கும். மழை நின்று வெயில் அடித்தால் சில நாளில் தண்ணீர் வற்றிவிடும். திரும்ப மழை வரும், திரும்ப வற்றும். அதன்பின் எட்டு மாத வறட்சி. இந்தப் பள்ளத்தில் மீன் கிடையாது, தவளை கிடையாது, போட்டிக்கு ஆளும் குறைவு. ஆனால் வாழ வந்த உயிர், தண்ணீர் இல்லாத காலத்தை எப்படியாவது கடக்க வேண்டும். பறந்து போய்விடலாம் என்றால் புழுவுக்குச் சிறகு இல்லை. சிறகு முளைத்த பூச்சியின் ஆயுளோ சில நாள்தான்.

இந்தப் புழுவை 1951-இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்டு எவரெஸ்ட் ஹின்டன். வாண்டர்பிளாங்க் என்பவர் பெயரை அதற்குச் சூட்டினார். ஹின்டனைப் பற்றி ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவர் பெயரில் எவரெஸ்ட் எப்படி வந்தது? அவருடைய கொள்ளுத் தாத்தா, கணினிகளுக்கு அடிப்படையான தருக்கக் கணிதத்தை வகுத்த ஜார்ஜ் பூல். கொள்ளுப் பாட்டி மேரி எவரெஸ்ட், இந்திய நில அளவைத் தலைவராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் அண்ணன் தம்பி வழி மகள். அந்த மாபெரும் நில அளவையை லாம்ப்டன் 1802-இல் தொடங்கியது நம் பரங்கிமலை அடிவாரத்தில்தான். அவருக்குப் பின் அந்த அளவைச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வடக்கே போனவர் எவரெஸ்ட். ஹின்டனின் மகனையும் உங்களுக்குத் தெரியும். செயற்கை நுண்ணறிவுக்காக 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜெஃப்ரி ஹின்டன்தான் அவர். கொள்ளுத் தாத்தாவுக்கும் மகனுக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு காய்ந்த புழுவைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

ஹின்டன் செய்த சோதனைகள் 1960-இல் 'நேச்சர்' இதழில் வந்தன. காய்ந்த புழுவை 102 டிகிரி வெப்பத்தில் ஒரு நிமிடம் வைத்தார். திரவ ஹீலியத்தில், அதாவது மைனஸ் 270 டிகிரியில் முக்கினார். நீர் கலவாத ஆல்கஹாலில் போட்டார். எடுத்துத் தண்ணீரில் விட்டால் கொஞ்ச நேரத்தில் உப்பி, நீண்டு, நெளிந்து, சேற்றைத் தின்னத் தொடங்கியது. அவ்வளவு ஏன், சும்மா அறையில் 17 ஆண்டுகள் உலர்ந்து கிடந்த புழுக்கள் தண்ணீர் பட்டதும் அசைந்திருக்கின்றன. பதினேழு ஆண்டுகள்! பூச்சியாகிவிட்டால் சில நாளில் முடிந்துபோகும் ஓர் உயிருக்கு.

அந்தக் காய்ந்த நிலையில் உடலில் மிஞ்சும் ஈரம் சுமார் 3 விழுக்காடு. நாம் அரைத்து வைக்கும் மாவில்கூட அதைவிடக் கூடுதல் ஈரம் உண்டு. மூச்சு இல்லை, செரிமானம் இல்லை, அளக்கத்தக்க எந்த வேதிவினையும் இல்லை. கேம்பிரிட்ஜ் அறிஞர் டேவிட் கீலின், 1959-இல் அச்சில் வெளிவந்த லண்டன் ராயல் சொசைட்டியின் லீவன்ஹூக் சொற்பொழிவில் இந்த நிலைக்குக் கிரிப்டோபயோசிஸ் என்று பெயர் வைத்தார். மறைந்திருக்கும் உயிர் என்று பொருள். லீவன்ஹூக் பெயரிலான மேடையில் அதைச் சொன்னது பொருத்தம். 1702-இல் டெல்ஃப்ட் நகரத்தில் தன் வீட்டுக் கூரையின் நீர்வடிகாலில் காய்ந்து கிடந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து, ரோட்டிஃபர் என்கிற நுண்ணுயிரிகள் எழுந்து நீந்துவதை முதலில் பார்த்தவர் அவர்தான். ஆனால் ரோட்டிஃபர் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. நம் பாறைப் புழுவுக்கு மூளை உண்டு, குடல் உண்டு, தசை உண்டு, நரம்பு உண்டு. ஐந்தாறு மில்லிமீட்டர் நீளம். முழுதாகக் காய்ந்து மீளும் விலங்குகளில் இவ்வளவு சிக்கலான உடல் கொண்டது வேறு இல்லை. இதற்கு மிக நெருங்கிய உறவினம் ஒன்று மலாவி நாட்டில் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, எப்படிச் செய்கிறது? இங்கே ஹின்டனை விட்டுவிட்டு ஜப்பானுக்குப் போக வேண்டும். த்ஸுகூபா நகரத்தில் தகாஷி ஒகுடாவும் அவர் குழுவினரும் இந்தப் புழுவைப் பல தலைமுறைகளாக ஆய்வகத்தில் வளர்த்தார்கள். ஜப்பானியர் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'நெமுரி யுசுரிகா', தூங்கும் பூச்சி. அவர்கள் கண்டதில் முதல் செய்தி, அவசரப்பட்டால் புழு செத்துப்போகும் என்பது. ஒரு சில மணி நேரத்தில் காயவைத்தால் அது மீளாது. சுமார் 48 மணி நேரம், மெல்ல மெல்லக் காய வேண்டும். பாறைக் குழியில் புழு தன் எச்சிலால் சேற்றை ஒட்டிக் குழாய்போல் கூடு கட்டிக்கொள்கிறது. அந்த மண் கூடுதான் ஈரம் போகும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அந்த இரண்டு நாளில் உள்ளே நடக்கும் வேலை, கல்யாண வீட்டுச் சமையற்கட்டுபோல் இருக்கும்.

உடலில் சேர்த்து வைத்திருந்த கிளைகோஜன் எல்லாம் டிரெஹலோஸ் என்கிற சர்க்கரையாக மாறுகிறது. இது பூச்சிகளுக்குப் புதிதல்ல, பூச்சிகளின் இரத்தச் சர்க்கரையே இதுதான். அந்தப் பெயரும் ஒரு பூச்சியிடமிருந்து வந்தது. மேற்காசியாவில் ஒருவகை வண்டு கட்டும் இனிப்பான கூட்டுக்கு டிரெஹாலா என்று பெயர். அதிலிருந்து பிரித்தெடுத்த பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தலோ 1859-இல் அந்தப் பெயரைச் சர்க்கரைக்கு வைத்தார். நம் புழுவில் இது காய்ந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரை ஏறுகிறது. உடலே சர்க்கரைப் பாகில் ஊறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாகு என்றதும் கமர்கட்டு கிண்டியவர்களுக்கு அடுத்தது புரிந்துவிடும். பாகு பதம் தப்பினால் பூத்துப்போகும், மணல்மணலாகச் சர்க்கரை வெளியே வரும். பதம் சரியாக இருந்தால் பூக்காமல், தெளிவாக, கல்போல் இறுகிவிடும். வாயில் போட்டுக் கடித்தால் கண்ணாடிபோல் உடையும். இயற்பியலில் அதற்குக் கண்ணாடி நிலை என்றே பெயர். அணுக்கள் வரிசை கட்டாமல், இருந்த இடத்திலேயே உறைந்துபோன நிலை. புழுவுக்குள் நடப்பது இதுவே. தண்ணீர் போகப் போக, அது இருந்த இடத்தில் சர்க்கரை உட்காருகிறது. புரதங்களையும் உயிரணுச் சவ்வுகளையும் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் எல்லாம் ஒரே கமர்கட்டாக இறுகிவிடுகிறது. உறைவதற்கு உள்ளே தண்ணீர் இல்லையென்றால் திரவ ஹீலியம் என்ன செய்யும்? பனிக்கட்டிக் கூர்மைகள்தான் குளிரில் உயிரணுவைக் கிழிப்பவை. கிழிக்க இங்கே நீரே கிடையாது. ஆப்பிரிக்கப் புழு குளிரை வென்றதாக நாம் நினைக்கிறோம். அதற்குக் குளிர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வறட்சிக்கு எழுதிய விடை குளிர் வினாவுக்கும் பொருந்திவிட்டது.

சர்க்கரையோடு இன்னொரு கூட்டாளியும் உண்டு. எல்இஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரதங்கள். இவை முதலில் கண்டுபிடிக்கப்பட்டது பூச்சியில் அல்ல, பருத்தி விதையில். 1981-இல் அமெரிக்காவில் லியோன் டியூர் குழு, விதை முற்றிக் காயும் கடைசிக் கட்டத்தில் உருவாகும் புரதங்களைக் கண்டது. கோட்டை கட்டி, பானையில் போட்டு வைத்த விதைநெல் அடுத்த பருவத்தில் முளைக்கிறதே, அந்தத் தொழில்நுட்பம்தான். விதையிடம் இருக்கும் கருவியை ஒரு விலங்கும் வைத்திருக்கிறது. நம் புழுவுக்கு நெருங்கிய உறவான பாலிபெடிலம் நூபிஃபெர் என்னும் இனத்திடம் அது இல்லை. அந்த மரபணுக்கள் பாக்டீரியாவிடமிருந்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இன்னொரு செய்தி என்னை உண்மையிலேயே தூக்கிவாரிப் போட்டது. புழுவின் தலையைக் கட்டிப் பிரித்துவிட்டு, தலை இல்லாத உடலை மெல்லக் காயவைத்தார்கள். அதுவும் காய்ந்து மீண்டது. அதாவது இந்த ஏற்பாட்டுக்கு மூளையின் உத்தரவு தேவையில்லை. ஒவ்வொரு திசுவும் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. மேலிடத்து ஆணைக்குக் காத்திருக்காத நிர்வாகம். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் சுண்ணக்கட்டி வாங்கக்கூட மூன்று கையெழுத்து வேண்டும், அதனால் இதைச் சற்றுப் பொறாமையோடுதான் சொல்கிறேன்.

விலை இல்லாமல் இல்லை. காயும்போது டிஎன்ஏ இழைகள் ஆங்காங்கே துண்டாகின்றன. தண்ணீர் கிடைத்த ஒரு மணி நேரத்தில் புழு நெளிந்தாலும், அந்த முறிவுகளை ஒட்டிச் சரிசெய்ய மூன்று, நான்கு நாள் ஆகிறது. இந்தப் பழுதுபார்க்கும் திறமைதான், காய்ந்த புழுவுக்கு 7,000 கிரே அளவு காமாக் கதிரை வாங்கிய பிறகும் அசையும் வலுவைத் தருகிறது. மனிதனை ஐந்தாறு கிரே முடித்துவிடும். நைஜீரியப் பாறையில் கதிரியக்கம் ஏது? மறுபடியும் அதே கதைதான். வறட்சிக்காகக் கற்றது வேறெதற்கோ உதவுகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கும் இந்தப் புழுவைக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அதைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன, நான் விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. இத்தனையும் காய்ந்த புழுவுக்குத்தான். ஈரமாக இருக்கும்போது அது கொளத்தூர்ப் புழுவைப்போல ஒரு சாதாரணப் புழு. முட்டைக்கோ, கூட்டுப்புழுவுக்கோ, பறக்கும் பூச்சிக்கோ இந்த வித்தை தெரியாது.

இப்போது தெற்கே, வெகு தெற்கே போவோம்.

1897-இல் பெல்ஜியத்திலிருந்து 'பெல்ஜிகா' என்கிற கப்பல் தென்துருவத்தை நோக்கிப் புறப்பட்டது. தலைவர் அத்ரியன் த ஜெர்லாஷ். கப்பலில் துணை அதிகாரியாக இருந்தவர் ரோல்டு அமுண்ட்சென், பின்னாளில் 1911-இல் தென்துருவத்தை முதலில் மிதித்தவர். இயற்கை அறிஞராகச் சென்றவர் ருமேனியாவின் எமில் ரகோவிட்சா. 1898 தொடக்கத்தில் கரையோரத் தீவுகளில் இறங்கி மாதிரிகள் சேகரித்தார்கள். அதன்பின் கப்பல் பனிக்கடலில் சிக்கி, ஓராண்டு அங்கேயே கிடந்தது. தென்துருவக் குளிர்காலத்தை முதன்முதலில் கழித்த மனிதர்கள் அவர்கள்தான். ஸ்கர்வி நோயில் தளர்ந்து, பெங்குவின் இறைச்சியையும் சீல் இறைச்சியையும் தின்று பிழைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த மாதிரிகளில் ஒரு சிறு கறுப்புப் பூச்சி இருந்தது. 1900-இல் அதை விவரித்த பூச்சியியலாளர் ஜேக்கப்ஸ், கப்பலின் பெயரையே வைத்தார். தென்துருவத்தில் முதன்முதலாகக் குளிர்காலத்தைக் கடந்த கப்பலின் பெயர், அங்கே எண்ணற்ற குளிர்காலங்களைக் கடந்த பூச்சிக்கு.

இரண்டு முதல் ஆறு மில்லிமீட்டர் நீளம். அந்தக் கண்டத்தில் முழுக்க முழுக்க நிலத்திலேயே வாழும் விலங்குகளில் பெரியது இதுதான் என்றால் சிரிப்பீர்கள். பெங்குவினும் சீலும் கடலில் சாப்பிட்டுவிட்டுக் கரைக்கு வருபவை, கணக்கில் சேரா. தென்துருவத் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலும் பக்கத்துத் தீவுகளிலும் மட்டுமே இது உண்டு. நம் இந்திய ஆய்வு நிலையமான மைத்ரி கண்டத்தின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது, அங்கே போய்த் தேட வேண்டாம்.

இந்தப் பூச்சிக்குச் சிறகு இல்லை. ஓயாத காற்றில் பறந்தால் கடலில்தான் விழ வேண்டும். கறுப்பு நிறம், கிடைக்கும் கொஞ்ச வெயிலையும் இழுத்துக்கொள்ள. வாழ்நாள் இரண்டு ஆண்டு. அதில் ஏறத்தாழ முழுவதும் புழுவாக, பாசிக்கும் நனைந்த மண்ணுக்கும் நடுவில், பெங்குவின் எச்சம் உரமிட்ட நிலத்தில். இரண்டு குளிர்காலத்தைப் புழுவாகவே கடந்து, இரண்டாவது குளிர் முடிந்த கோடையில் பூச்சியாகி, பாறைமேல் ஓடி, இணைசேர்ந்து, பத்து நாளைக்குள் முடிந்துவிடும்.

இதன் பாதுகாப்பு ஏற்பாடு பாறைப் பூச்சியின் ஏற்பாட்டைப்போல் கண்ணைப் பறிக்காது. எனக்கு இதுதான் கூடுதலாகப் பிடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தந்திரம், மோசமான குளிர் இருக்கும் இடத்தில் இல்லாமல் இருப்பது. மேலே காற்று மைனஸ் 30, 40 என்று வீசலாம். பனிப்போர்வைக்கு அடியில் மண்ணின் வெப்பம் பெரும்பாலும் பூஜ்யத்துக்கும் மைனஸ் 5-க்கும் இடையில்தான். கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் கிழவர் மாதிரி. ஆக, மைனஸ் 20 வரை தாங்கினால் போதும், மிச்சத்தைப் பனியே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது தந்திரம் இரண்டு வழி கொண்டது. சுற்றிலும் ஈரம் நிறைந்து உறைந்தால் புழுவும் சேர்ந்து உறையும். உயிரணுக்களுக்கு வெளியே பனி கட்டும், உள்ளே கட்டாமல் பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் வறண்ட இடத்தில் கிடந்தாலோ உறையாமல் காயும். காய்வதா, பனியிலா என்று கேட்கலாம். ஃபிரீசரில் மூடாமல் வைத்த தேங்காய்த் துருவல் ஒரு மாதத்தில் சருகாகியிருப்பதைப் பார்த்திருக்கிறோமே. பனிக்கட்டி அருகிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் உப்பு தண்ணீரை வெளியே இழுக்கிறதே, கிட்டத்தட்ட அப்படி. புழுவின் உடலிலிருந்து நீர் பனியை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே மிஞ்சும் சாறு கெட்டியாகிக்கொண்டே வரும். கெட்டியான சாறு எளிதில் உறையாது. இப்படி உடல் நீரில் எழுபது விழுக்காடு வரை இழந்தும் பிழைக்கிறது. அந்தச் சாற்றில் சேரும் பொருள்களில் ஒன்று என்ன தெரியுமா? அதே டிரெஹலோஸ்.

இங்கேதான் இரண்டு பூச்சியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிகிறது. நைஜீரியாவின் வெயிலும் தென்துருவத்தின் பனியும் நமக்கு எதிர் எதிர். உயிரணுவின் கணக்கில் இரண்டும் ஒரே தொல்லை: தண்ணீர் போய்விட்டது, என்ன செய்வது? ஒருவர் ஆவியாகப் பறிகொடுக்கிறார், மற்றவர் பனியாகப் பறிகொடுக்கிறார். குளிரும் ஒரு வறட்சிதான்.

ஆனால் பனிப் புழு கடைசிவரை போவதில்லை. எழுபது விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்கிறது. கமர்கட்டாக இறுகுவதில்லை. மிஞ்சிய நீரில் மெல்ல மெல்ல உயிர் ஓடிக்கொண்டேயிருக்கும். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று ஒரு வகை உண்டு. காய்ச்சல், கடும் வெயில், நஞ்சு என ஏதாவது தாக்கினால் எல்லா உயிர்களும் அவசரத்துக்குச் சுரந்துவிட்டுப் பிறகு நிறுத்திவிடும். நம் ஊரில் வெள்ளம் வந்தால் படகு எடுப்பதுபோல. பனிப் புழுவோ அவற்றை நிறுத்துவதே இல்லை. 2006-இல் அமெரிக்காவின் டேவிட் டென்லிங்கர், ரிச்சர்டு லீ குழுவினர் இதைக் காட்டினார்கள். ஆண்டு முழுவதும் படகிலேயே குடியிருக்கும் குடும்பம் அது. ஆச்சரியம் என்னவென்றால் பூச்சியாக வளர்ந்ததும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுகிறது. கோடையில் பத்து நாள் மட்டும் வாழ்பவருக்கு எதற்குப் படகு?

இரண்டின் மரபணுத் தொகுப்பும் 2014-இல் ஒரே ஆய்விதழில் வெளிவந்தன, ஒன்று ஆகஸ்டில், மற்றது செப்டம்பரில். பனிப் பூச்சியின் தொகுப்பு 9.9 கோடி எழுத்துகள். அப்போது தெரிந்த பூச்சித் தொகுப்புகளிலேயே மிகச் சிறியது அதுதான். மனிதனுடையது 300 கோடி. பயன் தெரியாத, திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைப் பனிப் பூச்சி ஏறத்தாழ முழுக்கத் துடைத்துவிட்டிருக்கிறது. நெடும்பயணத்துக்குப் பெட்டி கட்டுபவர் வேண்டாததை எடுத்துப்போடுவதுபோல என்று ஆய்வாளர்கள் முதலில் மகிழ்ந்தார்கள். ஆனால் வெப்பநாட்டுப் பாறைப் பூச்சியின் தொகுப்பும் ஏறத்தாழ அதே அளவுக்குச் சிறியதுதான். எனவே அளவைக் குளிரோடு முடிச்சுப் போடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அளவைவிட உள்ளடக்கம் பேசுகிறது. பாறைப் பூச்சியின் தொகுப்பில் எல்இஏ மரபணுக்களும் பழுதுபார்க்கும் மரபணுக்களும் படியெடுத்து வைத்ததுபோல் பெருகி, அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன.

இந்த இடத்தில் பத்திரிகை நண்பர்களிடம் ஒரு முறையீடு. இரண்டையும் 'சாகாவரம் பெற்ற பூச்சி' என்று எழுதுகிறீர்கள். இரண்டுக்கும் அது பொருந்தாது. பாறைப் புழு பிழைப்பது வாழ்க்கையை நிறுத்தி வைப்பதால். பதினேழு ஆண்டு கிடந்தது என்றால், பதினேழு ஆண்டு வாழ்ந்தது என்று பொருள் இல்லை. அந்தக் காலம் அதன் வயதில் சேராது. பனிப் புழு நிறுத்துவதில்லை. இரண்டு குளிர்காலத்தையும் எண்ணிக்கொண்டே கடக்கிறது. 2025-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி இதற்குச் சான்று. முதல் குளிர்காலத்தில் அது சும்மா சுருண்டு கிடக்கிறது, கொஞ்சம் வெப்பம் வந்தால் உடனே எழுந்து தின்னும். இரண்டாவது குளிர்காலத்திலோ கட்டாய உறக்கத்துக்குப் போகிறது, வெப்பம் வந்தாலும் உரிய காலம் வரும்வரை எழாது. எல்லாம் ஒரே நேரத்தில் பூச்சியாகி இணைதேட வேண்டும் என்பதற்காக. நாள் பார்த்து நடக்கும் வாழ்க்கை.

நிறுத்தி வைப்பவருக்கு வெளியுலகம் மாறினால் கவலை இல்லை. எண்ணிக்கொண்டு வாழ்பவருக்கு உண்டு. தென்துருவத் தீபகற்பம் உலகிலேயே வேகமாக வெப்பமேறிய இடங்களில் ஒன்று. குளிர்காலம் கொஞ்சம் கதகதப்பானால் பனிப் புழுவுக்கு நல்லதுதானே என்று தோன்றும். 2022-இல் வெளிவந்த ஆய்வில், மைனஸ் 5-இல் குளிர்காலம் கழித்த புழுக்களைவிட மைனஸ் 1-இல் கழித்தவை குறைவாகவே பிழைத்தன. பிழைத்தவற்றின் சேமிப்பும் கரைந்திருந்தது. குளிர் குறைந்தால் உடல் கொஞ்சம் வேகமாக எரியும், தின்பதற்கோ ஒன்றும் இருக்காது. முப்பது டிகிரியில் சில மணி நேரம் வைத்தாலே இந்தப் புழு இறந்துவிடும். குளிரூட்டி நின்றுபோனால் இந்த அரங்கமே அதற்குக் கொலைக்களம்.

அம்மாவின் பழமொழிக்கு வருகிறேன். கருவாடு மீனாகாது. ஏன் என்று இப்போது சொல்ல முடியும். மீனுக்குக் காயுமுன் பாகு காய்ச்சத் தெரியாது, அவ்வளவுதான். இந்த அறிவு ஆய்வகத்தோடு நிற்கவில்லை. தட்டம்மைத் தடுப்பூசியைச் சிறு குப்பியில் உலர்ந்த பொடியாகக் கொண்டுவந்து, போடும்போது கரைத்துப் போடுகிறார்களே, அந்தப் பொடிக்கும் சர்க்கரைச் சேர்மங்களின் பாதுகாப்பு உண்டு. பாறைப் புழுவின் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, காயவைத்து, சாதாரண அறை வெப்பத்தில் பல மாதம் வைத்துவிட்டு, நனைத்து மீண்டும் பெருகவைத்திருக்கிறார்கள். மின்சாரம் இல்லாத ஊரில் குளிர்பெட்டி இல்லாமல் உயிரணுவைச் சேமிக்கலாம் என்பது அந்த வழியில் உள்ள ஆசை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். நைஜீரியாவும் தென்துருவமும் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டைப் பக்கமும் மதுரைப் பக்கமும் உங்கள் ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு கருங்கல் பாறை இருக்கும். மழை நின்று, வெயிலில் வெடித்துக் கிடக்கும் பாறைக் குழி அதில் இருக்கும். தொல்லியல் துறை வேலியிட்ட குன்றுகளைத் தொடாதீர்கள், மற்றதில் பாருங்கள். சித்திரை மாதத்தில் ஒரே ஒரு கரண்டி காய்ந்த மண் எடுத்து வாருங்கள். கண்ணாடித் தம்ளரில் போட்டு, மழைநீரோ குளோரின் கலவாத கிணற்று நீரோ ஊற்றி, ஜன்னலோரம் வையுங்கள். கைக்கண்ணாடியோடு முதல் நாள் காலை, மாலை, இரண்டாம் நாள், ஒரு வாரம் என்று பாருங்கள். பார்த்ததைத் தேதி, நேரம் போட்டுக் குறித்து வையுங்கள். மண் எடுத்த இடத்தையும் எழுதுங்கள், ஆசிரியர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.